துணிக்கடை வவுச்சரைக் கார்டாக மாற்றப் போகிறோம். ஒரே நம்பர் இரண்டு கிளையில் செலவாவதை எப்படி நிறுத்துவது?

சுன்னாகத்துத் துணிக்கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் துணிக்கடையின் கணக்கு வழக்கை நான்தான் பார்க்கிறேன். பெரிய கடை சுன்னாகத்தில், சின்னது யாழ்ப்பாண டவுனில் கஸ்தூரியார் வீதிப் பக்கம். சில வருடமாகப் பரிசு வவுச்சர் கொடுக்கிறோம். 1000, 2500, 5000 ரூபா என்று மூன்று வகை. அச்சகத்தில் அடித்த தடித்த தாள், 0001 இலிருந்து வரிசையாக ஓடும் நம்பர், அப்பாவின் கையெழுத்து, கடை முத்திரை. சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் சனம் விரும்பி வாங்குகிறது. சேலை எடுத்துக் கொடுத்து, நிறம் சரியில்லை என்று பேச்சு வாங்குவதைவிட இது நிம்மதி என்பார் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒரு மாமி.

போன தீபாவளிக்கு முதல் கிழமை, 5000 ரூபா வவுச்சர் ஒன்று பின்னேரம் சுன்னாகத்தில் செலவானது. அன்று இரவே அதே நம்பர் டவுன் கடையிலும் செலவாகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது அசல் என்று அப்பாவுக்கே பிடிபடவில்லை. கடைசியில் விரலில் தண்ணீர் தொட்டு முத்திரையில் தேய்த்தோம். கரைந்தது அசல், கரையாதது கலர் பிரின்ட். பிறகு பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்ததில் இன்னும் சில சோடி கிடைத்தன. ஒவ்வொரு கிளையும் தன் கொப்பியில் எழுதி, மாத முடிவில்தான் சேர்த்துப் பார்க்கிறோம் என்பது வாங்கிப் பழகிய யாருக்கோ தெரிந்திருக்கிறது.

இன்னொரு பக்கம் வெளிநாட்டு ஆட்கள். ரொரன்ரோ, பாரிஸ், லண்டனிலிருந்து வைபரில் மெசேஜ் வரும்: "அம்மாவின் பிறந்தநாளுக்கு 5000 ரூபாவுக்கு ஒன்று போட்டு விடுங்கோ." காசு வங்கிக் கணக்குக்கு வந்ததும் வவுச்சரைப் படமெடுத்து அனுப்புவோம். அந்தப் படம் குடும்பக் குரூப்பில் போகும். போன மாதம் இணுவிலிலிருந்து அம்மா பஸ் பிடித்து வருவதற்குள், மருமகளின் தங்கச்சி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா கவுன்ரரில் நின்று பார்த்த பார்வைக்கு நான் சொந்தக் கையிலிருந்து கொடுத்திருப்பேன். அப்பா கொடுத்தும்விட்டார்.

இப்போது கொழும்பிலிருந்து ஒரு மென்பொருள்காரர் வந்து, காந்தப்பட்டி போட்ட பிளாஸ்டிக் கார்ட் காட்டுகிறார். கவுன்ரரில் இழுத்தால் பில்லில் கழியுமாம். "இதைக் கொப்பி அடிக்கவே ஏலாது" என்கிறார். மீதி எவ்வளவு என்று வாடிக்கையாளர் ஒன்லைனில் பார்க்க ஒரு பக்கமும் இலவசமாகத் தருகிறாராம். கம்பஸில் படிக்கும் தம்பி, கியூஆர் போதும் என்கிறான். அப்பா, ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டினால் எல்லாம் சரி என்கிறார். மூன்று பேரில் யாருடைய கதையைக் கேட்பது? நல்லூர்த் திருவிழா தொடங்குவதற்கு முன் முடிவெடுக்க வேண்டும். கரண்டும் இன்டர்நெட்டும் போனால் என்ன செய்வது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

—

மொய்க் கொப்பி எழுதியது:

காசை என்வலப்பில் போட்டுக் கொடுத்தால் எந்த மென்பொருளும் தேவையில்லை. எங்கள் ஊரில் அதை யாரும் வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

—

பழைய சுவிட்ச்காரன் (கொக்குவில்) எழுதியது:

தங்கச்சி, நான் ரொரன்ரோவில் கிஃப்ட் கார்ட் பரிமாற்றத்தை நடத்தும் ஒரு கம்பனியில் பல வருடம் இருந்தேன். கடையின் கவுன்ரரில் கார்டை இழுத்ததும் அந்தக் கேள்வி வந்து சேருகிற சேர்வர்தான் என் வேலை. இப்போது கொக்குவிலில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேரும் சொன்னது மூன்றும் ஒரே இடத்தில் தவறுகிறது. போலி வேறு, பிரதி வேறு. நீங்கள் அடிக்காத ஒரு வவுச்சரை ஒருவர் தானே உருவாக்கினால் அது போலி. அதைத் தடுக்க ஹோலோகிராம் உதவும், கையெழுத்து உதவும், கியூஆருக்குள் கணினி போடும் இரகசியக் கையொப்பமும் உதவும். ஆனால் உங்கள் கடையில் நடந்தது பிரதி. நீங்களே விற்ற உண்மையான நம்பர், இரண்டு தாளில் வந்திருக்கிறது. பிரதியை எந்த ஸ்டிக்கராலும் முழுதாக நிறுத்த முடியாது. கியூஆரைப் படம் எடுத்து அனுப்பினால் அந்தப் படமும் அதே கியூஆர்தான். காந்தப்பட்டி இன்னும் மோசம். அந்தப் பட்டியின் இரண்டாம் தடத்தில் அதிகபட்சம் 40 எழுத்து இருக்கும், அதுவும் யாரும் படிக்கக்கூடிய வெறும் இலக்கம். அதைப் படித்து வேறு கார்டில் எழுதுகிற சின்னப் பெட்டியை ஒன்லைனிலேயே வாங்கலாம். கொப்பி அடிக்க ஏலாது என்று சொன்னவருக்கு அது தெரியாவிட்டால் பிரச்சினை. தெரிந்தும் சொல்லியிருந்தால் பெரிய பிரச்சினை.

அப்போது கிஃப்ட் கார்ட் எப்படி வேலை செய்கிறது? அடகு ரிக்கற் மாதிரி. ரிக்கற்றில் நகை இல்லை. நகை வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது, ரிக்கற் அதற்கான நம்பர் மட்டும். கார்டிலும் காசு இல்லை. காசு சேர்வரில் ஒரு வரியாக இருக்கிறது. இந்த நம்பர், இவ்வளவு மீதி, இந்த நிலை. அந்த வரி ஒரே இடத்தில் இருந்து, இரண்டு கிளையும் அதையே கேட்டால், நூறு பேர் நூறு பிரதி கொண்டுவந்தாலும் முதலாவது ஆளுக்குத்தான் கிடைக்கும். உங்களுடைய இப்போதைய பிரச்சினையின் முக்கால்வாசி இரண்டு கொப்பிகளால் வந்தது. தாளை மாற்றாமல் கொப்பியை மட்டும் ஒன்றாக்கினாலே அது போய்விடும்.

அடுத்தது நிலை. சனம் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் இந்தத் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடைகளில் கிஃப்ட் கார்ட் ஏன் சொக்லேட் மாதிரித் திறந்த தட்டில் தொங்குகிறது தெரியுமா? அது செத்த பிளாஸ்டிக். காசாளர் காசை வாங்கி, பார்கோட்டை ஸ்கான் செய்து, சேர்வருக்கு 'இதை உயிர்ப்பி' என்று சொன்ன பிறகுதான் அதற்கு மதிப்பு வரும். உங்கள் வவுச்சர் இப்போது அச்சகத்திலிருந்து வரும்போதே உயிரோடு வருகிறது. முத்திரை குத்தி அப்பாவின் லாச்சியில் கிடக்கும் கட்டு முழுவதும் பணம். புது முறையில் அச்சகத்தில் ஒரு கட்டுக் களவு போனாலும், வெட்டிக் கோலம் போடலாம், வேறு எதற்கும் உதவாது.

பிறகு நம்பர். 0001, 0002 என்று ஓடவே கூடாது. உங்கள் கையில் 0417 இருந்தால் 0418 யாரிடமோ இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுந்தமான, அதாவது எந்த ஒழுங்கும் இல்லாத நம்பர் வேண்டும். 12 இலக்கம் எழுந்தமானமாக எடுத்தால் ஒரு இலட்சம் கோடி சேர்க்கை. உங்களிடம் உயிரோடு 10,000 கார்ட் இருந்தாலும், சும்மா ஊகித்து அடிக்கிறவனுக்குச் சராசரியாகப் பத்துக் கோடி தரம் அடித்தால்தான் ஒன்று அகப்படும். மென்பொருள்காரர் "எங்கள் நம்பரில் சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறது, பாதுகாப்பு" என்று சொல்லக்கூடும். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954 இல் விண்ணப்பித்து 1960 இல் காப்புரிமை பெற்ற கணக்கு அது. கையால் அடிக்கும்போது ஒரு இலக்கம் பிழைத்தால் காட்டிக்கொடுக்கும், நல்ல விஷயம்தான். ஆனால் கள்ளனும் அதே கூட்டலைச் செய்யலாம். பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுரண்டிப் பார்க்கும் பின் (PIN) என்ற இரகசிய நம்பர் கூடவே வேண்டும். நம்பர் வெளியே தெரியலாம், பின் தெரியக்கூடாது. நாலு இலக்கப் பின்னுக்கு 10,000 சேர்க்கைதான். கணினி செக்கனுக்குப் பத்துத் தரம் முயன்றால் 17 நிமிடத்தில் முழுவதையும் முடித்துவிடும். ஆகவே ஐந்து தரம் பிழைத்தால் அந்தக் கார்டைப் பூட்ட வேண்டும்.

இங்கேதான் அந்த இலவச 'மீதி பார்க்கும் பக்கம்' வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2017 இல் கிஃப்ட்கோஸ்ட்பொட் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு தானியங்கி நிரல், ஆயிரத்துக்குக் கிட்டிய இணையக் கடைகளில் இப்படிப்பட்ட பக்கங்களைத்தான் தட்டியது. நம்பரைப் போடும், மீதி வந்தால் குறித்துக்கொள்ளும், வராவிட்டால் அடுத்தது. திருடுகிறவனுக்கு எந்த நம்பர் உயிரோடு இருக்கிறது என்று கடையே சொல்லிக் கொடுத்தது. சுன்னாகத்தில் மீதி தெரிய விரும்புகிறவர் போன் எடுக்கட்டும். அல்லது ஒவ்வொரு பில்லின் அடியிலும் மீதியை அச்சிட்டுக் கொடுங்கள், அது போதும்.

மொய்க் கொப்பி ஐயா, நீங்கள் சொல்வதும் சரி. ஆனால் என்வலப்பில் போட்ட காசு சேலையாக மாறாமல் மண்ணெண்ணெய்க்கும் மீனுக்கும் போய்விடும் என்று கொடுக்கிறவர்களுக்குத் தெரியும்.

—

சுன்னாகத்துத் துணிக்கடை எழுதியது:

அண்ணை, மிகவும் நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடகு ரிக்கற் என்றதும் பிடித்துக்கொண்டார். ஹோலோகிராம் கதை முடிந்தது.

இரண்டு சந்தேகம். சேர்வர் ஒன்றுதான் என்றால், இரண்டு கிளையிலும் ஒரே நேரத்தில் இழுத்தால் என்ன ஆகும்? தீபாவளி இரவு அது நடக்கக்கூடியதுதான். அப்புறம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தால் கழிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? வெளிநாட்டு வவுச்சருக்கு அம்மாவின் போனுக்கு ஓடிபி அனுப்பலாமா என்றும் தம்பி கேட்கிறான்.

—

பழைய சுவிட்ச்காரன் (கொக்குவில்) எழுதியது:

இந்த இரண்டு கேள்வியையும் கேட்டீர்களே, மென்பொருள்காரரைவிட நீங்கள் தேவலை.

முதலாவது. மோசமாக எழுதிய நிரல் என்ன செய்யும்? மீதியைப் படிக்கும், 5000 இருக்கிறது. கணக்குப் பார்க்கும், சரி. பிறகு 0 என்று எழுதும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் ஒரு செக்கனில் சிறு துண்டு நேரம் இருக்கிறது. அதற்குள் டவுன் கடையும் படித்துவிட்டால் அதற்கும் 5000 என்றுதான் தெரியும். இரண்டும் 'சரி' சொல்லும், இரண்டும் 0 எழுதும். மாத முடிவில் பார்த்தால் மீதி 0, எல்லாம் ஒழுங்கு. 10,000 ரூபாத் துணி வெளியே போயிருக்கும். கொப்பியில் நடந்தாலாவது சோடியாகக் கண்ணில் பட்டது, இதில் அதுவும் படாது.

பெரிய இடத்திலும் நடந்ததுதான். 2015 இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டார்பக்ஸ் கார்ட்களில் இதைக் காட்டினார். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு 5 டொலர் மாற்றும் உத்தரவை இரண்டு பிரவுசரிலிருந்து ஒரே நேரத்தில் கொடுத்தார். இருந்த 5 டொலர் இரண்டு தரம் போய்ச் சேர்ந்தது. அவர் நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் திருத்தினார்கள்.

திருத்தம் கஷ்டமில்லை. படிப்பதையும் எழுதுவதையும் பிரிக்காமல் ஒரே கட்டளையாகக் கொடுக்க வேண்டும்: 'இந்தக் கார்டில் மீதி 5000 அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் 5000 ஐக் கழி.' தரவுத்தளம் அந்த வரியைப் பூட்டி, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் அனுமதிக்கும். இரண்டாவது கட்டளை போகும்போது நிபந்தனை பொய்த்து, எந்த வரியும் மாறவில்லை என்று பதில் வரும். அந்தப் பதில் வந்தால் கவுன்ரரில் 'மறுக்கப்பட்டது' என்று காட்ட வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்யாத மென்பொருளை நான் அங்கேயும் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி அதைவிடச் சுவையானது. எங்கள் இரவு வேலையில் பாதி இதற்கே போனது. கவுன்ரர் 'கழி' என்று அனுப்புகிறது. சேர்வர் கழித்துவிட்டு 'கழித்தேன்' என்று பதில் அனுப்புகிறது. பதில் வழியில் தொலைகிறது. கவுன்ரரில் நிற்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, திரும்ப இழுக்கிறாள். இரண்டு தரம் கழிகிறது. இப்போது ஏமாறியது வாடிக்கையாளர். இதற்கு ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி அடையாள எண் வேண்டும், அதைக் கவுன்ரர்தான் போட வேண்டும். பில் நம்பரோடு கிளையின் எழுத்தைச் சேர்த்தால் போதும். அதே எண் திரும்ப வந்தால் சேர்வர் புதிதாகக் கழிக்காமல், 'இது முன்பே முடிந்தது, விடை இதுதான்' என்று பழைய பதிலையே கொடுக்க வேண்டும். பில்லை ரத்துச் செய்தால், அந்த எண்ணைச் சொல்லித் திருப்பிப் போடும் உத்தரவும் இருக்க வேண்டும். பெரிய கம்பனிகளில் இணைப்பு அறுந்தால் கவுன்ரரே அந்த உத்தரவைச் சேர்த்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும்.

இணைப்பே இல்லாத நேரத்துக்கு: இரண்டு வேறு கம்பனியின் சிம் போடக்கூடிய ரவுட்டர் ஒன்று, அதற்கும் கணினிக்கும் யூபிஎஸ் ஒன்று. அதையும் தாண்டிப் போனால் மற்றக் கிளைக்குப் போன் எடுத்து அங்கே கழிக்கச் சொல்லுங்கள். அதுவும் ஏலாவிட்டால் துணியைப் பொதி செய்து பெயர் எழுதி வைத்து, நாளைக்கு வரச் சொல்லுங்கள். நம்பிக் கொடுக்கிற ஒஃப்லைன் வசதி எதுவும் இரண்டு கிளைக் கடைக்குத் தேவையில்லை. அந்த வசதி இருக்கிறது என்று தெரிந்ததும், ரவுட்டரின் வயரைப் பிடுங்கத் தெரிந்த ஒருவர் வருவார்.

அந்த ஒருவர் வெளி ஆள் என்றும் நினைக்காதீர்கள். நான் பார்த்த நட்டத்தில் பெரும்பகுதி கவுன்ரருக்கு உள்ளே நின்றவர்களால் வந்தது. வாடிக்கையாளர் 5000 ரூபாக் கார்டில் 3200 ரூபாவுக்கு எடுப்பார். 'முடிந்துவிட்டது அம்மா' என்று கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, மீதி 1800 ஐப் பின்னேரம் தன் ஆளை வைத்து எடுப்பார்கள். விற்பனையே இல்லாமல் கார்டை உயிர்ப்பிப்பார்கள். திருப்பிக் கொடுக்காத துணியைத் திருப்பியதாகக் காட்டிக் கார்டில் காசு ஏற்றுவார்கள். உங்கள் பிள்ளைகள் நல்லவர்களாக இருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் உயிர்ப்பித்தல் காசு கட்டிய பில்லோடுதான் நடக்க வேண்டும். கார்டுக்குக் காசு திருப்புவதற்கு உங்களுடைய அல்லது அப்பாவின் பாஸ்வேர்ட் வேண்டும். யார், எந்த நேரம், எந்தக் கவுன்ரர் என்பது அழிக்க முடியாத பதிவாக இருக்க வேண்டும். அந்தப் பதிவு இருப்பது எல்லோருக்கும் தெரிந்தால், பெரும்பாலும் அதைத் திறந்து பார்க்கவே தேவை வராது.

ஓடிபி: கடையில் விற்கும் கார்டுக்கு வேண்டாம். அது கை மாறுவதற்கென்றே உள்ள சாமான். கலியாணத்தில் கிடைத்த கார்டை மச்சாளுக்குக் கொடுக்கலாம், அதுதான் அதன் அழகு. வெளிநாட்டிலிருந்து ஒருவரின் பெயருக்குப் போடுவது வேறு. அங்கே நம்பரை வாங்குகிறவருக்கு வைபரில் அனுப்புங்கள், பின்னை அம்மாவின் போனுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். குரூப்பில் படம் சுற்றினாலும் பின் சுற்றாது. கழிந்ததும் இருவருக்கும் ஒரு எஸ்எம்எஸ் போகட்டும். அடையாள அட்டையைப் படமெடுத்துச் சேர்க்கும் வேலையை மட்டும் தொடங்காதீர்கள். 2022 இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேவையில்லாத தரவை வைத்திருந்து அதைக் காப்பாற்றும் பாரம் ஒரு துணிக்கடைக்கு ஏன்?

—

ஸ்காபரோ சித்தப்பா எழுதியது:

பிள்ளை, வெளிநாட்டுக் காசு இப்போது வங்கிக்கு வருவதால் நீங்கள் தப்பினீர்கள். இனி இணையத்தில் கிரெடிட் கார்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கவனம். களவெடுத்த கிரெடிட் கார்டில் முதலில் வாங்குவது கிஃப்ட் கார்டைத்தான். பார்சல் அனுப்பத் தேவையில்லை, நிமிடத்தில் கையில் கிடைக்கும். உங்கள் கடையில் இன்றைக்கு வாங்கி நாளைக்குச் சேலையாக்கிவிடுவார்கள். உண்மையான கார்ட்காரர் ஸ்ரேற்மென்ட் பார்த்து வங்கிக்கு முறையிடும்போது மாதம் போயிருக்கும். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. காசு உங்கள் கணக்கிலிருந்து திரும்பிப் போகும், சேலை திரும்பி வராது. ஆகவே கார்ட்காரரின் வங்கி ஓடிபி கேட்கும் 3டி செக்கியூர் முறையில் மட்டும் காசு எடுங்கள். அப்படி எடுத்தால் மோசடி நட்டம் பொதுவாக அட்டை கொடுத்த வங்கியின் தலையில் விழும். புது ஆள் பெரிய தொகைக்கு வாங்கினால் ஒரு நாள் பிந்தி உயிர்ப்பியுங்கள். அவசரம் என்று துடிக்கிறவரிடம் இன்னும் பிந்துங்கள்.

இங்கே இன்னொரு கூத்து. செத்த பிளாஸ்டிக் என்று சுவிட்ச்காரர் சொன்னார் அல்லவா? கள்ளர் அதைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய், உறையைப் பக்குவமாகத் திறந்து, நம்பரையும் பின்னையும் குறித்து, சுரண்டும் பட்டியைத் திரும்ப ஒட்டி, அதே தட்டில் தொங்கவிடுகிறார்கள். யாராவது வாங்கி உயிர்ப்பித்ததும் இவர்களின் நிரல் மீதியைக் கண்டு உருவிவிடும். வாங்கியவர் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பது வெறும் உறை. அமெரிக்காவில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இதற்கென்றே 2023 இல் ரெட் ஹுக் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மேரிலாந்து மாநிலம் 2024 இல் சட்டம் போட்டு, 2025 ஜூனிலிருந்து பாதுகாப்பான உறையைக் கட்டாயமாக்கியது. உங்களுக்கு வழி இலேசு. கார்டைத் தட்டில் தொங்கவிடாமல் கஷியரின் லாச்சியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, உங்கள் கடைக்குச் சம்பந்தமில்லை, வாசிக்கிற மற்றவர்களுக்கு. வட்ஸ்அப்பில் மாமா, முதலாளி, பாதர் என்று யாராவது 'அவசரம், ஆப்பிள் கார்ட் வாங்கிச் சுரண்டிப் பின்னைப் படமெடுத்து அனுப்பு' என்றால் அது கள்ளன். வேறு யாருமில்லை. கிஃப்ட் கார்டில் கடனோ வரியோ கேட்கிற அரசாங்கம் உலகத்தில் கிடையாது. அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுக்கு 2023 இல் முறையிடப்பட்ட இந்த வகை நட்டம் மட்டும் 217 மில்லியன் டொலர். இங்கே சில கடைகளில் கஷியர் பிள்ளைகளே வயது போனவர்களிடம் 'யாருக்கு வாங்குகிறீர்கள்' என்று கேட்கிறார்கள். வட்ஸ்அப்பே பறிபோனால் இலங்கையில் 101 க்கு அடித்தால் சேர்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வழி சொல்லும்.

—

நெல்லியடிக் கணக்காளர் எழுதியது:

நான் சுருக்கமாக. வவுச்சர் விற்ற அன்று அந்தக் காசை விற்பனையாக எழுதாதீர்கள். அது கடன். துணி கொடுத்த அன்றுதான் வருமானம். எஸ்எல்எஃப்ஆர்எஸ் 15 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமம் சொல்வது அதைத்தான். மோசடியைப் பிடிப்பதற்கும் இதே கணக்குத்தான் ஆயுதம்: விற்றது, கழித்தது, மீதி இருக்க வேண்டியது. சேர்வரில் உள்ள எல்லாக் கார்டின் மீதியையும் கூட்டினால் பேரேட்டிலுள்ள கடன் தொகையோடு சதம் தவறாமல் பொருந்த வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை போதாது. இரவு கடை பூட்டும்போது பாருங்கள்.

காலாவதித் திகதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஒன்ராறியோவில் 2007 இலிருந்து சாதாரண கிஃப்ட் கார்டுக்குக் காலாவதியே போட முடியாது, அமெரிக்காவில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர் அந்த வழக்கத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். மூன்று மாதம் என்று போட்டுவிட்டு அவர்களோடு மல்லுக்கட்ட ஏலாது. அதே நேரம் 2022 ஐயும் மறக்காதீர்கள். செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்துக்குப் போனது. ஜனவரியில் 5000 ரூபாவுக்கு வாங்கிய வவுச்சரை அந்த மாதம் கொண்டுவந்தவரின் முகத்தை நான் ஒரு கடையில் பார்த்தேன். கடையில் பிழையில்லை, அவரிலும் பிழையில்லை. நான் என்றால் இரண்டு வருடம் போட்டு, முடிய ஒரு மாதம் இருக்கும்போது எஸ்எம்எஸ் அனுப்புவேன்.

—

சுன்னாகத்துத் துணிக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மென்பொருள்காரர் நேற்றுத் திரும்ப வந்தார். மீதிப் பக்கம் வேண்டாம் என்றதும் முகம் வாடியது. எழுந்தமான நம்பருக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் சம்மதித்தார். கணக்காளர் அண்ணா, இரண்டு வருடத்துக்கு அப்பா ஓம் என்றுவிட்டார்.

பிறகு தம்பி அவருடைய டெமோ கார்ட் ஒன்றில் 1000 ரூபா ஏற்றச் சொல்லி, அவருடைய இரண்டு டப்லெட்டையும் மேசையில் வைத்து, நானும் அவனும் ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் அமத்தினோம். முதல் தரம் ஒன்று மறுத்தது. அடுத்த தரம் இரண்டிலும் பச்சை வந்தது. இரண்டு பில்லும் அடித்தது. 'டெமோ சேர்வர்தானே, உண்மையானதில் இப்படி வராது' என்கிறார். விலையிலும் கால்வாசி குறைப்பதாகச் சொல்கிறார். அப்பா கொஞ்சம் இளகிவிட்டார்.

—

பழைய சுவிட்ச்காரன் (கொக்குவில்) எழுதியது:

டெமோ சேர்வரில் ஓடுவதும் அதே நிரல்தான். விலையைப் பற்றிக் கதைக்க வேண்டாம். திருத்திக்கொண்டு வந்து, அதே மேசையில், நூறு தரம் தானியங்கியாக அடித்துக் காட்டட்டும். எல்லாத் தரமும் ஒரே ஒரு பச்சைதான் வர வேண்டும். தம்பிக்கு நிரல் எழுத வரும் என்றால் அந்தச் சோதனையை அவனே எழுதட்டும். அதுவரை திருவிழாவுக்குப் பழைய தாளையே வைத்துக்கொள்ளுங்கள். நம்பரை மட்டும் எழுந்தமானமாக அடித்து, இரண்டு கிளையும் திறந்து பார்க்கக்கூடிய ஒரே கூகிள் ஷீட்டில் பதியுங்கள். துணியைக் கொடுக்கும் முன் அதில் குறித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அதிலும் ஒரே செக்கனில் இரண்டு பேர் எழுதும் ஆபத்து இருக்கிறது. ஆனால் டவுனுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் ஒரே வவுச்சரோடு இரண்டு பேர் போனில் எண்ணிக்கொண்டு நிற்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. தம்பியின் சோதனையில் என்ன வந்தது என்று இங்கே போடுங்கோ.